வேகம் குறைவதே அபாயம்



1935 நவம்பர் 27 ஆம் நாள் இரத்மலானையில் முதன்முதலாக ஓர் ஆகாய விமானம் வந்திறங்கியது. அந்தப் 'புஸ் மொத்' விமானத்தை ஓட்டிவந்த டின்டேல் பிஸ்கோ, சென்னைப் பறத்தற் கழகத்தின் தலைமைப் பயிற்றாசிரியர். புது விமான நிலையத்தின் மண்ணை முதலில் தொட்டவர் ஓர் ஆசிரியராயிருந்தது பொருத்தமே.

புறக்கோட்டைத் தெருவில் அண்ணாந்து பார்ப்பவனுக்கு விமானத்தின் வேகமே அபாயமாகத் தோன்றும். விமான ஆசிரியர் புகட்டும் பாடமோ இதற்கு நேர்மாறானது: வேகம் குறைவதே அபாயம். எந்த வேகம்? காலிமுகத்திடலில் பட்டம் விடும் சிறுவன் காற்றை எதிர்த்து ஓடுகிறான். காற்று மிகுந்த நாளில் நின்றபடியே ஏற்றிவிடுகிறான். பட்டத்துக்கு வேண்டியது தரைமீது ஓட்டமன்று; தன்மீது மோதும் காற்றே.

விமானமும் அவ்வாறே. காற்றினூடே மணிக்கு 60 மைல் செல்லும் விமானம், 20 மைல் எதிர்க்காற்றில் தரைமீது 40 மைல்தான் செல்லும்; பின்காற்றில் 80 மைல் பாயும். இறக்கைக்கோ இரண்டும் ஒன்றே. எதிர்க்காற்றில் எழுந்தால் குறைந்த ஓட்டத்திலேயே எழலாம், இறங்குவதும் எளிது. இரத்மலானை ஓடுபாதை தென்மேற்கு வடகிழக்காகக் கிடக்கிறது. சோழகமும் வாடையும் மாறி மாறி வீசும் நாட்டுக்கு ஏற்ற கிடை அது.

மாணாக்கனின் கண் ஏமாறுவதும் இங்கேதான். பின்காற்றில் தாழப் பறக்கையில் தென்னைகள் விரைந்தோடக் கண்டு, வேகம் மிகுந்ததென எண்ணி விசையைக் குறைப்பான். வேகமானி வேறு கதை சொல்லும். திரும்புகையில் இன்னொரு கண்ணி உண்டு. உயரம் குறையாமல் 60 பாகை சரிந்து திரும்பினால் இறக்கை இருமடங்கு பாரம் தாங்கவேண்டும். நேரே பறக்கையில் 50 மைலில் கைவிடும் இறக்கை, அப்போது 70 மைலிலேயே கைவிட்டுவிடும்.

கைவிடுதல் என்றால் என்ன? மூக்கை அளவுக்கு மிஞ்சி உயர்த்தினால், இறக்கையின் மேற்புறத்தைத் தழுவியோடும் காற்று பிய்ந்து சிதறும். இதனை 'ஸ்டால்' என்பர். ஜெர்மானியர் ஒட்டோ லிலியெந்தால் 1896 ஆகஸ்டு 9 ஆம் நாள் தமது எந்திரமில்லா விமானத்தில் இவ்வாறு வீழ்ந்து, மறுநாள் உயிர் நீத்தார். வீழ்பவனின் கை தானாகவே கோலைப் பின்னுக்கு இழுக்கும். அதுவே அவனை முடிக்கும். தரையை நோக்கி மூக்கைத் தாழ்த்துபவனே மீள்வான்.

அச்சம் சொல்வதற்கு எதிராகக் கையைப் பழக்கவேண்டும் என்பதை, 1917 இல் இங்கிலாந்தின் கொஸ்போட்டில் ரொபேட் சிமித்-பரி என்பவர் முறையான பயிற்சியாக்கினார். அபாயங்களை மாணாக்கனிடமிருந்து மறைக்காமல், இருவரும் இயக்கத்தக்க விமானத்தில் உயரே கொண்டுசென்று, வேண்டுமென்றே விமானத்தை வீழச் செய்து மீட்கக் கற்பித்தார். பேச்சுக் குழாய் வழியாக ஆசிரியர் குரல் மாணாக்கன் செவிக்கு எட்டியது.

இது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். 2009 ஜூன் 1 ஆம் நாள், அத்திலாந்திக் சமுத்திரத்தின்மேல் பறந்த ஏர் பிரான்ஸ் விமானமொன்றின் வேகமானிக் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்தது. துணை விமானி கோலைப் பின்னுக்கே இழுத்தார். சுமார் 38,000 அடி உயரத்திலிருந்து அது கடலில் வீழ, 228 பேர் மாண்டனர்.

எப்போதாவது பயிற்சி விமானமொன்றின் இரைச்சல் உயரே திடீரென அடங்கி, அது மூக்கைத் தாழ்த்துவதைக் கண்டால் உடனே அஞ்சவேண்டாம். மாணாக்கன் ஒருவன் தன் கையைப் பழக்கிக்கொண்டிருக்கலாம்.