அச்சத்துக்கு வேலி, ஆசைக்குத் திறந்த வாசல்: நெருக்கடி நிலைக்கால நீதித்துறை – ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நீடித்த நெருக்கடி நிலையின்போது, கைதானவர்கள் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூறின. அவற்றுக்கெல்லாம் மேலான உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. பணிப் பாதுகாப்பில் உயர்ந்து நின்ற நீதிமன்றம் வளைந்தது. எளிதில் பழிவாங்கப்படக்கூடிய நீதிபதிகள் நிமிர்ந்து நின்றார்கள். தனிமனிதத் துணிச்சலைக் கொண்டு மட்டும் இதை விளக்க முடியாது. அரசியலமைப்பு நீதிபதிகளை எதிலிருந்து காத்தது, எதிலிருந்து காக்கவில்லை என்று பார்க்க வேண்டும்.

2. அரசியலமைப்பு தந்த பாதுகாப்பு

உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும். அவரது ஊதியம் தொகுப்பு நிதியிலிருந்து வருவது. ஆண்டுதோறும் வாக்கெடுப்புக்கு வராது. பதவி நீக்கத் தீர்மானத்தின்போது அல்லாமல் வேறு எப்போதும் அவரது பணி நடத்தையை நாடாளுமன்றத்தில் விவாதிக்க இயலாது. இவை யாவும் அச்சத்துக்கு எதிரான வேலிகள். ‘இந்தத் தீர்ப்பை எழுதினால் வேலை போய்விடும்’ என்று அவர் அஞ்சத் தேவையில்லை. ஆனால் ‘இந்தத் தீர்ப்பை எழுதினால் தலைமை நீதிபதி ஆகலாம்’ என்ற எண்ணத்துக்கு எந்தத் தடையும் இல்லை. உயர் நீதிமன்றத்திலோ அச்சத்துக்கான வேலியிலேயே இடைவெளிகள் இருந்தன.

3. ஆட்சி பயன்படுத்திய மூன்று வழிகள்

3.1 பதவி உயர்வு

கேசவானந்த பாரதி வழக்கில் 1973 ஏப்ரல் 24 அன்று தீர்ப்பு வந்தது. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று 7–6 என்ற கணக்கில் முடிவானது. மறுநாளே, பணிமூப்பில் முன்னிருந்த ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூவரையும் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். தாண்டப்பட்ட மூவரும் அரசுக்கு எதிரான பெரும்பான்மையில் இருந்தவர்கள். ரே சிறுபான்மையில் இருந்தவர். மூவரும் பதவி விலகினர். எஞ்சியிருந்த நீதிபதிகளுக்கு இதன் பொருளை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

3.2 இடமாற்றம்

அரசியலமைப்பின் 222-ஆவது பிரிவின்படி 1976-இல் உயர் நீதிமன்ற நீதிபதிகள் 16 பேர் அவர்களது ஒப்புதல் இன்றியே இடமாற்றம் செய்யப்பட்டனர். குஜராத்திலிருந்து ஆந்திரத்துக்கு மாற்றப்பட்ட சங்கல்சந்த் சேத் மட்டும் அந்த ஆணையை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்.

3.3 நிரந்தரமாக்கல்

பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரின் கைதை எதிர்த்து அவரது மனைவி தொடுத்த மனுவை தில்லி உயர் நீதிமன்றத்தில் எஸ். ரங்கராஜனும் ஆர்.என். அகர்வாலும் விசாரித்தனர். தீர்ப்பு வருமுன் அரசு நய்யாரை விடுவித்தது. வழக்கு அதோடு முடிந்தது என்று விட்டிருக்கலாம், நீதிபதிகள் விடவில்லை. கைது சட்டப்படி செல்லாது என்று 1975 செப்டம்பரில் தீர்ப்பளித்தனர். ரங்கராஜன் குவாஹாட்டிக்கு மாற்றப்பட்டார். கூடுதல் நீதிபதியாக இருந்த அகர்வால் நிரந்தரமாக்கப்படாமல் அமர்வு நீதிபதி பதவிக்கே திருப்பி அனுப்பப்பட்டார்.

4. ஜபல்பூர் வழக்கு

1975 ஜூன் 27 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணை 14, 21, 22 ஆகிய பிரிவுகளைக் காட்டி நீதிமன்றத்தை நாடும் உரிமையை நிறுத்தி வைத்தது. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை எதிர்த்து அரசு செய்த மேல்முறையீடு, ஜபல்பூர் வழக்கு என்ற பெயரில், உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வின் முன் வந்தது. போலீஸ்காரர் ஒருவர் தனிப்பட்ட பகையால் ஒருவரைக் கொன்றால் அதற்குப் பரிகாரம் உண்டா என்று அமர்வில் இருந்த நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை தமது வாதத்தின்படி இல்லை என்றே அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டே ஒப்புக்கொண்டார்.

1976 ஏப்ரல் 28 அன்று ரே, பேக், ஒய்.வி. சந்திரசூட், பகவதி ஆகிய நால்வரும் அரசின் வாதத்தை ஏற்றனர். கைதிகளுக்குக் கிடைக்கும் கவனிப்பு ஏறத்தாழ ஒரு தாயின் கவனிப்பு என்று பேக் எழுதினார். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் சென்னை மத்திய சிறையில் மிசா (உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டம்) கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டிருந்தனர். பின்னாளில் நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணையம் அதை உறுதிசெய்தது. நாடெங்கும் மிசாவில் அடைக்கப்பட்டவர்கள் 34,988 பேர் என்று நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையம் கணக்கிட்டது.

கன்னா மட்டும் மாறுபட்டார். உயிரும் உடல் சுதந்திரமும் 21-ஆவது பிரிவு வழங்கிய கொடையல்ல. சட்டத்தின் ஆட்சி இருக்கும் எந்த நாட்டிலும் அவற்றைச் சட்ட அதிகாரமின்றிப் பறிக்க முடியாது என்பதே அவரது வாதத்தின் சாரம். இந்தத் தீர்ப்பு தலைமை நீதிபதி பதவியைப் பறித்துவிடும் என்று தம் சகோதரியிடம் முன்பே சொல்லியிருந்தார். 1977 ஜனவரியில் பணிமூப்பில் அவருக்குப் பின்னிருந்த பேக் அப்பதவிக்கு வந்தார், கன்னா விலகினார். பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதிய நால்வரில் ரே ஏற்கெனவே தலைமை நீதிபதி. மற்ற மூவரும் பின்னர் அப்பதவியை அடைந்தனர். இதைக் கொண்டு அவர்களது உள்நோக்கத்தை நிறுவ முடியாது. ஆனால் அத்தகைய ஐயம் எழ இடம் தரும் அமைப்பே குறையுள்ளதுதான்.

5. பின்வந்த திருத்தங்கள்

1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21 ஆகிய பிரிவுகளை முடக்க முடியாதபடி செய்தது. 1993, 1998 தீர்ப்புகள் நியமன அதிகாரத்தை மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியத்திடம் சேர்த்தன. அதை மாற்ற வந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையச் சட்டம் 2015-இல் செல்லாது என்று தீர்ப்பானது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, தனியுரிமை வழக்கில், ஜபல்பூர் தீர்ப்பு வெளிப்படையாகத் தள்ளப்பட்டது. தனியுரிமைத் தீர்ப்பை எழுதியவர்களுள் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட்டின் மகன் டி.ஒய். சந்திரசூட்.

சட்டக்கொள்கை திருந்தியது, வாசல்கள் முழுவதும் அடைபடவில்லை. சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிகளாக இருந்த விஜயா தஹில்ரமானி 2019-லும், சஞ்ஜிப் பானர்ஜி 2021-லும், நாட்டின் மிகச் சிறிய உயர் நீதிமன்றங்களுள் ஒன்றான மேகாலயாவுக்கு மாற்றப் பரிந்துரைக்கப்பட்டனர். முன்னவர் பதவி விலகினார். இரண்டு முறையும் வழக்கறிஞர்கள் எதிர்த்தனர். மாற்றத்துக்கான விரிவான காரணம் பொதுவெளிக்கு வரவில்லை. முடிவெடுத்தது கொலீஜியம்தான் என்றாலும் காரணம் தெரியாத இடமாற்றம் ஐயத்தையே வளர்க்கும். ஓய்வுக்குப் பின் உச்ச நீதிமன்ற நீதிபதி வழக்காடக் கூடாது என்று அரசியலமைப்பு சொல்கிறது. அரசு தரும் பதவியை ஏற்கக் கூடாது என்று சொல்லவில்லை.

6. முடிவு

நெருக்கடி நிலைக் கைதிகளுக்கு விடுதலை வாங்கித் தந்தது உச்ச நீதிமன்றமல்ல, 1977 தேர்தல்தான். தவறான தீர்ப்பு தள்ளப்பட 41 ஆண்டுகள் ஆயின. அவ்வளவு காலம் காத்திருக்கச் சிறையில் இருப்பவனால் முடியாது. எனவே மூன்று சீர்திருத்தங்கள் தேவை: இடமாற்றத்துக்கான காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும், நியமனப் பரிந்துரையை அரசு காலவரையறைக்குள் முடிக்க வேண்டும், ஓய்வுக்கும் அரசுப் பதவிக்கும் இடையே கட்டாய இடைவெளி வேண்டும். இவற்றைச் சட்டமாக்காமல் கன்னாவைப் புகழ்ந்துகொண்டிருப்பது, அடுத்த நெருக்கடியிலும் ஒரே ஒரு நீதிபதியை நம்பி நாட்டை விடுவதாகும்.