தமிழில் படப்புத்தகங்களும் பண்புக் கல்வியும்

படப்புத்தகம் என்பது படமும் சொல்லும் சேர்ந்து கதை சொல்லும் சிறுவர் நூல். கட்டம் கட்டமாக வரையப்படும் சித்திரக்கதையிலிருந்து இது வேறானது. ஒரு பக்கத்துக்கோ இரு பக்கங்களுக்கோ ஒரே படம், அதனுடன் ஓரிரு வரிகள் என்பதே இதன் பொதுவான அமைப்பு. எழுத்தறியாத குழந்தையும் படத்தைப் பார்த்துக் கதையைப் பின்தொடர முடியும். பிறரிடம் பரிவு காட்டவும் தன்னை மதிக்கவும் குழந்தைகளைப் பழக்கும் கருவியாகத் தமிழ்நாட்டில் இந்நூல்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வளர்ந்தன.

பின்னணி

திண்ணைப் பள்ளிகளில் ஒழுக்கக் கல்வி ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி போன்ற நூல்களை மனப்பாடம் செய்வதன்வழி நடந்தது. இவை பெரும்பாலும் ஏவலாகவோ விலக்காகவோ அமைந்தவை. பின்னர் வந்த பாடநூல்களும் கதையைச் சொல்லி, முடிவில் நீதியை ஒரு வரியில் தந்தன. இம்முறையில் நீதி குழந்தையின் நினைவில் பதிந்தது; ஆனால் கதையில் வருபவரின் மனநிலையைக் குழந்தை உணர்ந்ததா என்பதை அறிய வழி இல்லை.

உலக அளவில் சிறுவருக்கான படநூலின் முன்னோடியாகக் கருதப்படுவது, கொமேனியஸ் என்னும் கல்வியாளர் 1658-இல் நியூரம்பர்க் நகரில் வெளியிட்ட ‘ஆர்பிஸ் பிக்டஸ்’. தமிழில் 1947-இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ இதழ் கதையோடு ஓவியத்தையும் குழந்தைகளிடம் கொண்டுசென்றது. அழ. வள்ளியப்பா முன்னின்று 1950-இல் உருவான குழந்தை எழுத்தாளர் சங்கம் சிறுவர் நூல்களுக்கு ஊக்கமளித்தது. எனினும் இக்காலத்து நூல்களில் படம் பெரும்பாலும் எழுத்துக்குத் துணையாகவே இருந்தது.

தொடக்கக் கால நூல்கள்

1957-இல் ஓவியர் சங்கர் டெல்லியில் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட்டை நிறுவினார். அதே ஆண்டில் நேஷனல் புக் டிரஸ்டும் தொடங்கப்பட்டது. நேஷனல் புக் டிரஸ்டின் ‘நேரு பால புத்தகாலயம்’ வரிசை, குறைந்த விலையில் வண்ணப் படப்புத்தகங்களை இந்திய மொழிகள் பலவற்றில் தந்தது. மிக்கி படேல் எழுதி வரைந்த ரூபா என்னும் யானையின் கதை இவ்வரிசையில் புகழ்பெற்றது. தன் சாம்பல் நிறத்தை விரும்பாத யானை பிற உயிர்களின் வண்ணங்களைப் பூசிக்கொள்கிறது. முடிவில் தன் சொந்த நிறத்துக்கே திரும்புகிறது. தன்மதிப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே அதைக் கூறும் கதை இது.

இதே காலத்தில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்பகம் ஆகியவை அச்சிட்ட தமிழ்ச் சிறுவர் நூல்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் தமிழ்நாடெங்கும் விற்றது. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன் முதலியோர் மாஸ்கோவில் மொழிபெயர்ப்புப் பணி செய்தனர். வழவழப்பான தாளும் முழுப்பக்க ஓவியமும் மலிவான விலையும் இந்நூல்களைச் சிற்றூர்ப் பள்ளிகள் வரை கொண்டுசென்றன. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் இந்த வரத்து நின்றது.

கண்ணாடியும் சாளரமும்

அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-இல் எழுதிய கட்டுரையில், சிறுவர் நூலைக் கண்ணாடியாகவும் சாளரமாகவும் உருவகப்படுத்தினார். குழந்தை தன்னையே காணும் நூல் கண்ணாடி. பிறர் வாழ்வைக் காணும் நூல் சாளரம். சாளரம் பரிவை வளர்க்கிறது. கண்ணாடி தன்மதிப்பை வளர்க்கிறது. இவற்றில் ஒன்று மட்டும் போதாது என்பது அவர் கருத்தின் சாரம்.

தமிழ்ப் படப்புத்தக வரலாற்றுக்கு இவ்வளவுகோல் நன்கு பொருந்துகிறது. சோவியத் நூல்கள் சிறந்த சாளரங்கள். பனியையும் ஓநாயையும் கண்டிராத குழந்தைகள் அவற்றின்வழி தொலைநாட்டுக் குழந்தைகளை நேசித்தனர். ஆனால் ஏரிக்கரையும் கூரை வீடும் ஆடு மேய்க்கும் சிறுமியும் அவற்றில் இல்லை. உள்நாட்டுப் புராண ஓவியங்களிலோ நல்லவர் வெளுத்த நிறத்திலும் அரக்கர் கறுத்த நிறத்திலும் வரையப்படுவது வழக்கமாக இருந்தது. கறுத்த நிறமுடைய குழந்தை அப்படங்களில் தன்னை எங்கே கண்டிருக்கும் என்ற கேள்வி நெடுங்காலம் எழுப்பப்படவில்லை.

புதிய பதிப்பகங்கள்

1990-களில் சென்னையில் தோன்றிய பதிப்பகங்கள் இக்குறையை நோக்கித் திரும்பின. 1996-இல் தொடங்கப்பட்ட தூலிகா, தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளிலும், இருமொழிப் பதிப்புகளாகவும் படப்புத்தகங்களை வெளியிட்டது. மகாசுவேதா தேவி எழுதிய மொய்னாவின் கதை அவற்றுள் ஒன்று. சபர் பழங்குடியைச் சேர்ந்த அச்சிறுமி, ஆடு மேய்க்கும் தன் நிலைக்கு ‘ஏன்?’ என்று காரணம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், பிற்காலத்தில் ஆசிரியையாகிறாள். ஜாய் விட்டேக்கரின் ‘கண்ணா பன்னா’ கதையில், குகைக்குள் விளக்கு அணைந்ததும் மற்றவர் தடுமாற, பார்வையற்ற சிறுவன் அனைவரையும் வெளியே அழைத்துவருகிறான். அவனை இரக்கத்துக்கு உரியவனாகக் காட்டாமல் வழிகாட்டியாகக் காட்டுவதே இந்நூலின் சிறப்பு.

2004-இல் பெங்களூரில் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015-இல் ‘ஸ்டோரிவீவர்’ என்னும் இணையத்தளத்தை உருவாக்கியது. இதிலுள்ள கதைகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம். தமிழ்க் கதைகளும் இதில் ஏராளமாக உள்ளன.

விழுப்புரம் மாவட்டத்தில்

கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு அரசு வகுத்த ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம், 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் ஒன்றியத்தின் முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. உள்ளூர்த் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் கதை, பாடல், விளையாட்டு ஆகியவற்றின் மூலம் குழந்தைகளுக்குக் கற்பித்தனர். 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. 2023-இல் தொடங்கிய ‘வாசிப்பு இயக்கம்’ நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளில் சிறு படநூல்களைப் பள்ளிகளுக்கு வழங்கியது.

இம்மாவட்டத்தில் இருளர் பழங்குடியினர் பரவலாக வாழ்கின்றனர். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி இருளர் உரிமைக்காகவும் தாய்மொழிவழிக் கல்விக்காகவும் நீண்ட காலம் பணியாற்றியவர். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தைக்கு மொய்னாவின் கதை சாளரமாகவும் கண்ணாடியாகவும் ஒருங்கே அமையக்கூடியது.

வகுப்பறைப் பயன்பாடு

படப்புத்தகம் பயன் தருவது அதை வாசிக்கும் முறையைப் பொறுத்தது. ஆசிரியர் நூலைக் குழந்தைகள் பக்கம் திருப்பிப் பிடித்து, முதலில் படத்தை மட்டும் காட்டுவது நல்ல தொடக்கம். ‘இவள் முகம் ஏன் வாடியிருக்கிறது?’, ‘பக்கத்தில் நிற்பவன் என்ன செய்யலாம்?’ போன்ற கேள்விகளுக்கு ஒரே விடை இல்லை. ஆகவே நன்கு படிக்கும் மாணவர் மட்டுமன்றி, எழுத்துக் கூட்டத் திணறும் குழந்தையும் விடை சொல்ல முடிகிறது. தன் சொல்லை வகுப்பு கேட்கிறது என்று அறிவதே தன்மதிப்பின் முதற்படி. கதை முடிந்தபின் ‘இதிலிருந்து அறியும் நீதி யாது?’ என்று கேட்டால், நூல் மீண்டும் பழைய மனப்பாட முறைக்குள் சென்றுவிடும்.

உள்ளூர்ப் படநூல்கள்

அச்சு நூல் எல்லா ஊரையும் காட்ட இயலாது. அவ்விடத்தைக் குழந்தைகளே வரைந்து தைக்கும் கையெழுத்து நூல்கள் நிரப்ப முடியும். விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள மண்டகப்பட்டு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றிப் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் எடுக்கப்பட்ட கோயில் என்று இங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. இக்குடைவரையைச் செய்வித்த முதலாம் மகேந்திரவர்மனுக்குச் ‘சித்திரகாரப்புலி’ என்ற பட்டமும் உண்டு. வாயிற்காவலர் சிற்பங்களையும், பாறையையும், அங்கே ஆடு மேய்ப்போரையும் வரையும் குழந்தைக்குத் தன் ஊரும் தன் வீட்டாரும் நூலில் இடம்பெறத் தக்கவர் என்பது விளங்கும்.

வரம்புகள்

வண்ண அச்சு செலவு மிக்கதாதலால் நல்ல படப்புத்தகங்களின் விலை பல குடும்பங்களுக்கு எட்டுவதில்லை. பள்ளிக்கு வந்த நூல்கள் கிழிந்துவிடும் என்ற அச்சத்தால் அலமாரியில் பூட்டப்படுவதும் உண்டு. பல கைகள் புரட்டிக் கிழிந்த நூல் ஒட்டித் தைத்து மீண்டும் புழங்கத்தக்கது. பூட்டிய நூலோ யாருக்கும் கண்ணாடியாவதில்லை.