789 என்ற எண்ணின் கதை

அரசின் பட்ஜெட் புத்தகங்களைப் புரட்டினால் பல துறைகளின் கணக்கிலும் இடையிடையே 789 என்ற எண் தலைகாட்டும். பட்டியல் சாதியினருக்கென்று ஒதுக்கிய பணம் என்பதைக் காட்டும் கணக்குத் தலைப்பு அது. பழங்குடியினருக்கு 796.

1979-80இல் சிறப்பு உட்கூறுத் திட்டம் தொடங்கியபோது சொன்னது எளிமையானது: மக்கள்தொகையில் நமக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு திட்டச் செலவிலும் வேண்டும். அதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் பி.எஸ்.கிருஷ்ணன் ஐ.ஏ.எஸ். ஆனால் துறைகள் தந்திரம் செய்தன. பொதுச்சாலை ஒன்றைப் போட்டுவிட்டு, 'இதில் அவர்களும்தானே நடக்கிறார்கள்' என்று செலவில் ஒரு பங்கை நம் பெயரில் எழுதின. தனித் தலைப்பு இல்லாத கணக்கில் இதை எப்படிக் கேள்வி கேட்பது? 789இன் அருமை இங்கேதான் இருக்கிறது.

எண் இருந்தால் மட்டும் திருட்டு நின்றுவிடுமா? நிற்காது, ஆனால் அகப்படும். டெல்லி காமன்வெல்த் போட்டிகளுக்காக நம் மக்களின் ஒதுக்கீட்டிலிருந்து சுமார் 744 கோடி ரூபாய் திருப்பப்பட்டதை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே 2010இல் தலித் மனித உரிமை இயக்கத்தினர் வெளிக்கொண்டு வந்தார்கள். பணம் திசைமாறியதை அன்றைய உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம் மாநிலங்களவையிலேயே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. நரேந்திர ஜாதவ் பணிக்குழு அறிக்கை கொடுத்தது. 2011-12 முதல் மத்திய பட்ஜெட்டில் இந்த ஒதுக்கீட்டுக்குத் தனி அறிக்கை வந்தது.

2017-18இல் திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பிரிவையே மத்திய அரசு எடுத்துவிட்டது. பங்கைக் கணக்கிட்டு வந்த அடித்தளமே அதோடு போயிற்று.

ஆந்திரம் 2013இலேயே இதற்குச் சட்டம் இயற்றிவிட்டது. சமூகநீதி பேசும் தமிழ்நாட்டுக்கு 2024 வரை ஆனது! அதற்கு முந்தைய ஆண்டுதான் மகளிர் உரிமைத் தொகைக்கு இந்த ஒதுக்கீட்டிலிருந்து 1,540 கோடி எடுத்ததாகச் சர்ச்சை எழுந்தது. பட்டியல் சாதிப் பெண்களுக்குத்தான் போகிறது என்றது அரசு. எல்லாருக்குமான திட்டத்தில் நம் பங்கை நம் தனி ஒதுக்கீட்டிலிருந்தே கொடுப்பது, மேலே சொன்ன சாலைக் கணக்கின் புது வடிவம்தான் என்பது என் கருத்து.

சரி, வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காட்டுக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் மாநில மக்களில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம்; பெரம்பலூர் மாவட்டத்தில் சுமார் 31. இந்தப் பேரூராட்சியின் காலனித் தெருவுக்கு 789இலிருந்து என்ன வந்தது என்று பட்ஜெட் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. அரசுக் கணக்குத் தலைப்பு ஆறு அடுக்கு கொண்டது. துறை, திட்டம், செலவின் வகை எல்லாம் அதில் உண்டு, ஊர் இல்லை. பேரூராட்சிக் கணக்கு ஒரு மாதிரி, ஊராட்சி ஒன்றியத்தில் வேறு மாதிரி, தாட்கோவில் இன்னொரு மாதிரி. மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

இத்தனைக்கும் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் நாட்டின் ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் ஏற்கெனவே ஓர் எண் கொடுத்திருக்கிறது. 789இல் எழுதும் ஒவ்வொரு செலவோடும் அந்த எண்ணையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை. அதுவரை மனு போடும் தோழர்கள் 'என்ன நலத்திட்டம் செய்தீர்கள்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 789 தலைப்பில், எந்த ஆண்டு, எந்த வார்டில், எந்த வேலைக்கு, எவ்வளவு என்று கேளுங்கள்.