நெய்தவர் யார்? வர்த்தக அணியை விட்டு விலகுவதன் விளைவுகள்: கிழக்குக் கரையிலிருந்து ஒரு வாசிப்பு

கல்முனைக் கடைத்தெருவில், ஏற்றுமதிக்கெனத் தைத்துப் பின் கழிக்கப்பட்ட சட்டைகள் குவியலாகக் கிடக்கும். கழுத்துப்பட்டியின் உட்புறத்தில் இருந்த கம்பனிப் பெயரைக் கத்தரித்திருப்பார்கள். பக்கத் தையலுக்குள் மடிந்து கிடக்கும் சிறு நாடா மட்டும் தப்பியிருக்கும். எத்தனை வீதம் பருத்தி, எந்தச் சூட்டில் துவைப்பது, கடைசி வரியில் 'இலங்கையில் தயாரிக்கப்பட்டது'. அந்தக் கடைசி வரி வாங்குபவருக்கு உண்மை. ஐரோப்பியச் சுங்க அதிகாரிக்கு அது போதுமான உண்மையல்ல. துணி சீனாவில் நெய்யப்பட்டிருந்தால், வெட்டித் தைத்துப் பொத்தான் வைத்த இலங்கையின் சட்டையாக அதை ஏற்று வரிச்சலுகை கொடுக்க அவரது விதிப்புத்தகம் இடம் தராது.

ஒரு நாடு வர்த்தக அணியை விட்டு வெளியேறினால், அல்லது அதன் சலுகை வட்டத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டால், என்ன நடக்கும் என்பது பற்றிய பொது விவாதங்கள் பெரும்பாலும் தீர்வை வீதத்தோடு நின்றுவிடுகின்றன. விளைவைத் தீர்மானிப்பது அந்தச் சின்ன நாடாவின் பின்னால் உள்ள கேள்வி என்பதே இக்கட்டுரையின் வாதம்: துணியை நெய்தவர் யார்? வெளியே போகும் நாளில் உள்ளே என்ன இருந்தது என்று கேட்காமல், போனதால் என்ன இழந்தோம் என்று கணக்குப் பார்க்க முடியாது.

இலங்கையின் கதையிலிருந்து தொடங்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் தீர்வைச் சலுகை 2005 ஜூலையில் இலங்கைக்குக் கிடைத்தது. முந்திய டிசம்பரின் சுனாமி அதை விரைவுபடுத்தியது. அந்த ஒரு நாளில் கல்முனை அடங்கிய அம்பாறை மாவட்டம் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தது. நாட்டில் வேறெந்த மாவட்டமும் அத்தனை பேரைப் பறிகொடுக்கவில்லை. நம் கரையின் மையத்துகளும் அந்தச் சலுகையின் பின்னணியில் இருந்தன என்பதைக் கொழும்பில் நடந்த விவாதங்களில் எவரும் நினைவூட்டியதாகத் தெரியவில்லை. மனித உரிமைச் சாசனங்கள் மூன்றின் நடைமுறையாக்கத்தில் குறை கண்ட ஒன்றியம், 2010 பெப்ரவரியில் சலுகையை இடைநிறுத்தத் தீர்மானித்தது. ஜூனில் 15 நிபந்தனைகளை முன்வைத்து, எழுத்தில் உறுதி தந்தால் மேலும் ஆறு மாதம் நீடிக்கலாம் என்றது. அரசாங்கம் மறுத்தது. ஓகஸ்ட் 15இல் சலுகை நின்றது. சட்டப்படி இது பறிப்பு. ஆனால் கதவு திறந்திருந்தபோதே இறைமையின் பெயரால் எழுந்து வந்ததால், அரசியல் பொருளில் இதை ஒரு விலகல் என்றே கொள்கிறேன்.

அப்போது மூண்ட தர்க்கம் இரண்டு குரல்களில் நடந்தது. தொழிற்சாலைகள் மூடப்படும், வேலைகள் போகும் என்றது ஒரு தரப்பு. தாங்கிக்கொள்ளலாம், புதுச் சந்தை தேடலாம் என்றது அரசாங்கத் தரப்பு. அடுத்த ஆண்டின் புள்ளிவிபரம் அரசாங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னதுபோல இருந்தது. 2010இல் ஏறத்தாழ 3.36 பில்லியன் டொலராக இருந்த துணி, ஆடை ஏற்றுமதி 2011இல் 4.19 பில்லியனாக ஏறியது. பயங்காட்டியவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அந்த உயர்வைச் சற்று உரித்துப் பார்க்க வேண்டும். 2011 மார்ச்சில் உலகச் சந்தையில் பருத்தி இறாத்தல் ஒன்று இரண்டு டொலரைத் தாண்டியது. துணி விலை ஏறினால், அதே எண்ணிக்கைச் சட்டை அதிக டொலருக்குப் போகும். தைத்தவளின் பங்கு ஏறியிருக்க வேண்டிய அவசியமில்லை. பருத்தி விலை இறங்கிய 2012இல் ஏற்றுமதியும் நான்கு பில்லியனுக்குச் சற்றுக் கீழே வந்தது.

இனி ஒரு சட்டையை மட்டும் எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக, சலுகைக்குத் தகுதிபெறும் ஐந்து டொலர்ச் சட்டை என்று வைப்போம். அதில் துணிக்கும் நூல், பொத்தானுக்கும் மூன்றரை டொலர், தையல் கூலியும் தொழிற்சாலைச் செலவும் ஒன்றேகால், மீதி இலாபம். ஜி.எஸ்.பி. பிளஸ் இருந்தால் தீர்வை பூச்சியம். அது போனால், சாதாரண ஜி.எஸ்.பி.யின் கீழ் 12 வீதத்தில் ஐந்திலொன்று கழித்து 9.6 வீதம், அதாவது 48 சதம். இந்த 48 சதம் முழுச் சட்டையின் விலை மீது விழுகிறது. ஆனால் கொள்வனவாளர் விலையைக் குறைக்கச் சொன்னால் எங்கே குறைப்பது? துணி வியாபாரி குறைக்கமாட்டார். கை வைக்கக்கூடியது அந்த ஒன்றேகால் டொலரில் மட்டும்தான். பாதியை ஆலை ஏற்றாலே 24 சதம், தையல் செலவில் ஏறக்குறைய ஐந்திலொன்று. பத்து வீதத்துக்கும் குறைந்த தீர்வை, தையலில் சேரும் பெறுமதியின் மீது ஏறத்தாழ இருபது வீதச் சுமையாக மாறும் விதம் இது. பொருளியலாளர் மக்ஸ் கோர்டன் 'பயனுறு பாதுகாப்பு' என்று விளக்கியதன் மறுபக்கம். தேசிய மொத்தத்தில் இது தெரியாது. மணிக்குத் தைத்து முடிக்க வேண்டிய 'டாகெட்' எத்தனை பீஸ் கூடியது, ஓவர்டைம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதில்தான் தெரியும்.

சொறிக்கல்முனை போன்ற ஊர்களில் இந்தப் பேச்சு வேறு தொனியில் கேட்கும். நாவிதன்வெளிப் பக்கத்து வயற்கிராமம். திருச்சிலுவைத் திருத்தலத்தைச் சுற்றி வாழும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள். அடுத்தடுத்து முஸ்லிம் ஊர்கள். போகம் பொய்த்தால் வீட்டுக்குள் காசு வருவது கட்டுநாயக்கா ஆடை ஆலைகளிலிருந்தோ மத்திய கிழக்கிலிருந்தோதான். செப்டெம்பர்த் திருவிழாவுக்கு லீவெடுத்து வரும் ஒரு பிள்ளையிடம் 'ஜி.எஸ்.பி. போனதால் என்ன?' என்று கேட்டால் பில்லியன் கணக்கு வராது. 'லைனில டாகெட் கூட்டிட்டாங்க' என்பாள், அல்லது ஒன்றுமே மாறவில்லை என்பாள். இரண்டும் சான்றுதான். இரண்டாவதை ஒதுக்கிவிட்டு முதலாவதை மட்டும் எடுத்து எழுதும் பழக்கம் நம் ஆய்வாளர்களிடம் உண்டு.

ஏனெனில் மாறாமல் இருந்ததற்கும் காரணம் உண்டு. ஏற்றுமதியில் ஒரு பகுதி அந்தச் சலுகையை முன்பும் பயன்படுத்தவே இல்லை. தோற்ற விதி இரண்டு படிகளைக் கேட்டது: துணியும் இங்கே ஆக வேண்டும், தையலும் இங்கே ஆக வேண்டும். சார்க் நாடுகளின் துணியை நிபந்தனையோடு சேர்த்துக்கொள்ள வழி இருந்தது, ஆனால் குறுகிய வழி. உள்ளூரில் பின்னல்துணி ஓரளவு தயாரானதால் ரீ-சேர்ட்டும் உள்ளாடையும் தப்பின. நெய்த துணிச் சட்டையும் காற்சட்டையும் சலுகை இருந்த காலத்திலேயே அடிக்கடி தீர்வை கட்டிப் போயின. பயன்படுத்தாத சலுகை போனால் வலிக்காது. 2017 மே மாதம் ஜி.எஸ்.பி. பிளஸ் திரும்பக் கிடைத்தபோது ஏற்றுமதி பாய்ந்து எழாததும் இதனால்தான்: 2016இல் 4.88 பில்லியன், 2017இல் 5.03. பூச்சியத் தீர்வை என்ற வாசல் திறந்திருந்தது, நுழைய வேண்டிய துணிதான் நம்மிடம் இல்லை.

அந்தத் துணி ஏன் இல்லை என்பதை அறியக் கல்முனையிலிருந்து வடக்கே சில மைல் போனால் போதும். மருதமுனையின் கைத்தறிச் சாரனும் சேலையும் நாடறிந்தவை. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த 1970 முதல் 1977 வரையிலான ஆண்டுகளை அவ்வூரின் பெரியவர்கள் பொற்காலம் என்றே சொல்வார்கள். வீட்டுத் திண்ணையில் பாவு ஓடியது, நூலுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வரிசை நின்றது. 1977இன் இறுதியில் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் விசைத்தறித் துணி மலிவாகக் குவிந்தது. தறிகள் ஒவ்வொன்றாகக் கட்டவிழ்ந்தன. துல்ஹிரிய, பூகொட, வேயங்கொட என்று அரசு நிறுவியிருந்த பெரிய ஆலைகளும் பின்னர் தனியார்மயத்தில் கைமாறிச் சிதைந்தன. 1978இல் தொடங்கிய கட்டுநாயக்கா ஏற்றுமதி வலயம் துணியை இறக்குமதி செய்து தைத்து அனுப்பும் தொழிலாக வளர்ந்தது. நெய்பவரை விட்டுத் தைப்பவரிடம் போனோம். மருதமுனைத் தறியால் ஐரோப்பியக் கடைகளுக்குச் சட்டைத்துணி கொடுத்திருக்க முடியும் என்று நான் சொல்லவரவில்லை. ஒரே அகலத்தில் ஒரே சாயத்தில் ஆயிரக்கணக்கான யார் கேட்கும் ஓடருக்குத் திண்ணைத் தறி ஈடு கொடாது. ஆனால் நெசவு என்ற படியே நாட்டின் தொழில் வரைபடத்திலிருந்து மங்கிப்போனதன் விலையை, அது நடந்து இருபத்தெட்டு ஆண்டுகளின் பின் தோற்ற விதி வந்து கேட்டது.

பங்களாதேஷை ஒப்பிடுவார்கள். 2009-10 நிதியாண்டில் 12.5 பில்லியன் டொலராக இருந்த அதன் ஆடை ஏற்றுமதி 2013-14இல் 24.5 பில்லியனாகியது. கூலி மலிவு ஒரு காரணம். அந்த மலிவின் முகத்தை 2013 ஏப்ரலில் ரானா பிளாசா ஆடை ஆலைக் கட்டடத்தின் இடிவு காட்டியது. ஆனால் இன்னொரு காரணம் குறைவாகப் பேசப்படுகிறது: 2011 ஜனவரியில் ஐரோப்பா மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு மட்டும் தோற்ற விதியை ஒரு படியாகத் தளர்த்தியது. டாக்காவில் தைத்தால் போதும், துணி எங்கிருந்தும் வரலாம். இலங்கை சலுகையை இழந்து ஐந்து மாதத்தில் போட்டியாளனுக்கு வாசல் இரட்டிப்பாக அகன்றது. விலகலின் விளைவை அளப்பவர்கள் விலகியவனை மட்டும் பார்ப்பது எவ்வளவு போதாது என்பதற்கு இது போதும்.

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய கதையிலும் 2010இன் கொழும்புத் தர்க்கத்தின் கோளாறே. 2016 மே மாதம் அதன் திறைசேரி, விலக வாக்களித்தால் உடனே பொருளாதாரப் பின்னடைவு வரும், ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் வேலை இழப்பார்கள் என்றது. ஜூன் 23 வாக்கெடுப்பில் விலகல் வென்றது. பவுண் விழுந்தது, ஆனால் சொன்ன பின்னடைவு வரவில்லை. 'பயமுறுத்தல்' என்ற பட்டம் நிலைத்துவிட்டது. பின்னர் அந்நாட்டின் பாதீட்டுப் பொறுப்பு அலுவலகம் நீண்டகால உற்பத்தித்திறன் நான்கு வீதம் குறையும் என்று மதிப்பிட்டபோது, முதல் எதிர்வுகூறல் பொய்த்ததை நினைவில் வைத்திருந்தவர்கள் காது கொடுக்கவில்லை. விலகலை எதிர்த்தோரின் தவறு இது: மெதுவாக அரிக்கும் ஒன்றை இடி விழுவதாகச் சொன்னார்கள். 2010இல் கொழும்பில் எதிர்த்தவர்களும் இதே தவறைச் செய்தார்கள், இதே விலையைக் கொடுத்தார்கள்.

ஆனால் பிரித்தானிய விலகலில் நமக்கு ஒரு புதுமை காத்திருந்தது. ஒன்றியத்துக்குள் இருக்கும்வரை தோற்ற விதியை இலண்டன் தனியாக மாற்ற முடியாது. வெளியேறிய பின் 2023 ஜூனில் அது தன் சொந்தச் சலுகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2025 ஜூலையில், இலங்கை போன்ற நாடுகள் ஆடைக்கான மூலப்பொருள் முழுவதையும் எந்த நாட்டிலிருந்தும் எடுத்துப் பூச்சியத் தீர்வையில் அனுப்பலாம் என்று அறிவித்தது. பிரித்தானியத் தொழிலாளிக்கு விலகல் என்ன கொடுத்தது என்று அங்கே இன்னும் சண்டை. வாக்கெடுப்பின் எந்தத் தரப்பின் துண்டுப்பிரசுரத்திலும் இடம்பெறாத கட்டுநாயக்கத் தையற்காரிக்கு அது ஒரு வாசலைத் திறந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி அப்படியே இருக்கிறது. ஆகவே ஒரே லைனில், ஒரே சீனத் துணியில், ஒரே பிள்ளை தைத்த இரண்டு காற்சட்டைகளில், இலண்டனுக்குப் போவது தீர்வையின்றியும் ஹம்பேர்க்குக்குப் போவது தீர்வையோடும் இறங்கும். இரண்டின் பக்கத் தையலிலும் ஒரே நாடா. கழிவாகிக் கல்முனைக்கு வந்தால் இரண்டுக்கும் ஒரே விலை. அந்தக் குவியலுக்கு எதிர்க் கடையில் மருதமுனைச் சாரன் அடுக்கியிருக்கிறது. அதன் துணியை நெய்தவர் யார் என்று கேட்டால், கடைக்காரர் ஆளின் பெயரையே சொல்வார்.