சிறகுக் குதிரையில் ஏறாதவர்கள்

கடலுக்கடியில் போய்ப் பெண் எடுத்து, மூன்று பிள்ளைகள் பெற்று, சிறகு முளைத்த குதிரையில் ஏறிக் கரை சேர்ந்தான் ஒரு தென்னிந்திய மன்னன். இந்தக் கதை 'செஜாரா மெலாயு' என்ற மலாய் நூலில் இருக்கிறது. 1612-ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்த நூல் ஜொகூர் பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங்கின் பெயரோடு வழங்கி வருகிறது. மன்னன் பெயர் பிரதிக்குப் பிரதி ராஜா சூலன், ராஜா சூரன் என்று மாறும். ராஜேந்திர சோழன் கடாரத்தின் (இன்றைய கெடா) மீது நடத்திய படையெடுப்பு பற்றிய நினைவுதான் இப்படிக் கதையாகியிருக்கிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

பறக்கும் வீரர்களின் கதை இன்றும் உண்டு. என் பேத்தி, ஆன் மெக்காஃப்ரியின் பெர்ன் நாவல்களில் ஊறியவள். 1967-இல் தொடங்கிய வரிசை அது. வானத்திலிருந்து விழும் கொடிய இழைகளை, டிராகன் மேல் ஏறிப் பறப்பவர்கள் எரித்து அழிக்கிறார்கள். டிராகன் நெருப்பு கக்க வேண்டுமென்றால் ஒருவகைக் கல்லை மெல்ல வேண்டும். "பறக்கிறவங்க கதை போதும் பாட்டி, அந்தக் கல்லை வெட்டி மூட்டை கட்டினவங்க கதை எனக்கு வேணும்" என்றாள். அந்த ஆசை எனக்குப் புதிதல்ல. கெலாங் பாத்தா தோட்டத்து லயத்தில் அதைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

கிராணி வீட்டுக்கு வரும் வார இதழ் பல கை மாறி, ஓரம் கிழிந்து, எங்கள் லயத்துக்கு வரும். பால்மரம் வெட்டிவிட்டு வந்த அப்பா அதைச் சத்தம் போட்டு வாசிப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம் கேள்வி கேட்டார்கள். ராஜா சண்டைக்குப் போனால் படகு தள்ளினவன் என்ன ஆனான்? அவன் பெண்டாட்டிக்கு யார் சேதி சொன்னது? கப்பலேறி வந்து, ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் போனவர்களின் கேள்விகள் அவை. அப்பாவிடம் பதில் இருக்காது, இதழிலும் இருக்காது.

வாசகர்கள் விடுபட்ட கதையைக் கேட்பதும் எழுத்தாளர் அதற்குப் பதில் சொல்வதும் தமிழில் பழைய வழக்கம். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தது. அது முடிந்தபோது பாத்திரங்கள் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி முடிவுரையில் அவர்களுக்கு விளக்கம் எழுதினார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவர் காலமானார். பின்னால் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் கதையைத் தொடர்ந்தார். அகிலன் 'வேங்கையின் மைந்த'னில் ராஜேந்திரனை எடுத்துக்கொண்டார். சாண்டில்யனின் 'கடல் புறா' எங்கள் பக்கத்துக் கடலுக்கே வந்தது. நான் விரும்பிப் படித்தவைதான். ஆனாலும் அவற்றில் கதையை நடத்துகிறவர்கள் இளவரசர்களும் தளபதிகளும்தான். துடுப்புப் பிடித்தவர்களுக்குக் கதையின் மையம் கிடைப்பதில்லை.

கல்வெட்டும் அப்படித்தான். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாநக்கவாரம், கடாரம் உட்படப் பதின்மூன்று ஊர்களை வரிசையாகச் சொல்கிறது. கடாரத்து மன்னன் சங்கிராம விஜயோத்துங்க வர்மன் பிடிபட்டதையும், வித்தியாதரத் தோரணம் கைப்பற்றப்பட்டதையும் சொல்கிறது. மாலுமிகளின் பெயர்களை அது சொல்வதில்லை. இந்தக் கடலின் நீரோட்டம் தெரிந்தவன் வழிகாட்டாமல் எந்தக் கப்பற்படையும் இங்கே வந்திருக்க முடியாது. அவன் தமிழனா, மலாய்க்காரனா? விரும்பி வந்தானா, பிடித்து ஏற்றப்பட்டானா? ஒரு நாவலுக்கு இது போதும்.

இன்னும் இருக்கிறது. சுமத்ராவின் பாரூஸில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கூட்டத்தார் வெட்டியது. கப்பலின் நாயனும் அவனுடைய ஆட்களும் கஸ்தூரி விலையைக் கணக்கு வைத்துப் பொன்னில் வரி கட்ட வேண்டும். கட்டிய பிறகுதான் பாவாடை என்ற துணி விரிப்பில் கால் வைத்து உள்ளே வரலாம். கடல் கடந்து வந்தவன், வரிப்பொன்னை நிறுத்து முடிக்கும்வரை அந்த விரிப்பின் ஓரத்தில் காத்திருக்கிறான். எனக்கு அவன் முகம் தெரிகிறது. 1090-இல் குலோத்துங்கன் கொடுத்த சிறிய லெய்டன் செப்பேட்டில் கடாரத்துத் தூதர்கள் இருவர் பெயரோடு வருகிறார்கள்: ராசவித்யாதர ஸ்ரீ சாமந்தன், அபிமானோத்துங்க ஸ்ரீ சாமந்தன். நாகப்பட்டினத்து விகாரத்தின் நிலங்களுக்காகச் சோழனிடம் விண்ணப்பிக்கப் போனவர்கள். பாட்டன் காலத்தில் தங்கள் ஊரைச் சூறையாடிய அரசவையில் அவர்கள் எப்படிப் பேசியிருப்பார்கள்?

செஜாரா மெலாயுவிலேயே இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கல் கோட்டை கட்டியிருந்த கெலாங்கியை வென்று, மன்னன் தெமாசிக் (இன்றைய சிங்கப்பூர்) வருகிறான். அடுத்தது சீனா. சீனர்கள் ஒரு கப்பலில் பல் விழுந்த கிழவர்களையும் துருப்பிடித்த ஊசிகளையும் காய்த்த மரங்களையும் ஏற்றி அனுப்புகிறார்கள். "புறப்பட்டபோது நாங்கள் வாலிபர்கள், இந்த ஊசிகள் கைத்தடிமன் இரும்புக் கம்பிகள், இந்த மரங்கள் விதைகள்" என்கிறார்கள் கிழவர்கள். அவ்வளவு தூரமா என்று படை திரும்பிவிடுகிறது. ஒரு போரை நிறுத்திய அந்தக் கிழவர்களில் ஒருவருக்குக்கூட நூலில் பெயர் இல்லை. கடலடியில் விடப்பட்ட இளவரசி மஹ்தாபுல் பஹ்ரிக்குப் பெயர் மட்டும் உண்டு. கணவன் போன பிறகு அவள் பட்ட பாட்டை யாரும் எழுதவில்லை.

2005-இல் ஆய்வாளர் ரைமி செ ரோஸ் ஜொகூர்க் காட்டில் கோத்தா கெலாங்கி புதைந்திருக்கலாம் என்று சொன்னபோது நாளேடுகள் பரபரத்தன. ஆதாரம் கிடைக்கவில்லை என்று அரசுத் தரப்பு பிறகு அறிவித்தது. கோட்டை கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் ஒரு நாவலாசிரியர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பாரூஸ் கல்லும் லெய்டன் செப்பேடும் அச்சில் இருக்கின்றன, செஜாரா மெலாயு நூலகத்தில் இருக்கிறது.

ராஜேந்திரனின் 1025 கடாரப் படையெடுப்புக்கு ஆயிரம் ஆண்டு நிறைந்துவிட்டது. வென்றவர்களின் பக்கத்திலிருந்து நாம் நிறையவே எழுதிவிட்டோம். மலேசியாவில் தமிழில் எழுதுகிற பிள்ளைகளே, மலாய் மூலத்தையும் தமிழ்க் கல்வெட்டையும் ஒருசேரப் படிக்க உங்களால் முடியும். அந்த வழிகாட்டியையோ, தூதர்களையோ, கிழவர்களையோ எடுத்துக்கொண்டு எழுதுங்கள்.