எண் ஏறியது, உயிர்?

1800 வாக்கில் பிரிஸ்டலில் ஹம்ப்ரி டேவி என்ற இளைஞர் நைட்ரிக் ஆக்சைடை மூச்சில் இழுத்துப் பார்த்தார். அது காற்றோடு கலந்து வாய்க்குள்ளேயே அமிலமாகிச் சுட்டுவிட்டது. புகையிலும் இருக்கிற நச்சு வாயு அது. அதைப் போய் யாராவது மருந்தாகக் கொடுப்பார்களா?

கொடுத்தார்கள். 1987-இல்தான் தெரிந்தது, இதே வாயுவை நம் ரத்தக்குழாய்ச் சுவரே சுரக்கிறது, குழாயைத் தளர்த்துவதும் இதுதான் என்று. 1998-இல் இதற்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இன்னொரு பக்கம் ஒரு நோய் காத்திருந்தது. நிமோனியா, விபத்து, ரத்தத்தில் தொற்று என எதனாலோ நுரையீரல் முழுக்க நீர் கோத்துக்கொள்ளும். ஆக்சிஜன் கொடுத்தாலும் ரத்தத்தில் ஏறாது. 12 நோயாளிகளை வைத்து 1967-இல் ஆஷ்பா குழுவினர் இதை விவரித்தார்கள். இன்று ஏஆர்டிஎஸ் என்கிறோம்.

1993-இல் பெர்லினில் ரோசன்ட் குழுவினர் இந்த நோயாளிகளுக்கு நைட்ரிக் ஆக்சைடை மிகச் சிறிய அளவில் மூச்சுவழி கொடுத்தார்கள். யோசனை ரொம்ப அழகானது. நீர் கோத்த பகுதிக்குள் வாயு போகாது. காற்று போகிற நல்ல பகுதிக்கு மட்டுமே போகும். அங்கே குழாய்கள் விரியும், ரத்தம் அந்தப் பக்கம் திரும்பும். ரத்தத்தில் கலந்ததும் ஹீமோகுளோபின் வாயுவைப் பிடித்துக்கொள்வதால், உடம்பின் ரத்த அழுத்தமும் இறங்காது. ஆக்சிஜன் அளவு உயர்ந்தது. எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது.

அப்புறம் என்ன ஆச்சு? 2004-இல் அமெரிக்காவில் 385 பேரிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. முதல் நாள் ஆக்சிஜன் கூடியது உண்மைதான். ஆனால் வென்டிலேட்டரில் கிடந்த நாட்கள் குறையவில்லை, சாவும் குறையவில்லை.

ஏன்? இந்த நோயில் பலர் ஆக்சிஜன் போதாமல் மட்டும் சாவதில்லை. அழற்சி உடம்பெல்லாம் பரவி, சிறுநீரகம், இதயம் என ஒவ்வொன்றாகக் கைவிடும். வாயு அதைத் தொடவே இல்லை.

இதற்கு நேரெதிரான கதை ஒன்றும் உண்டு. 2000-இல் 861 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு பாதிக்கு வென்டிலேட்டர் தள்ளும் காற்றின் அளவைப் பாதியாகக் குறைத்தார்கள். முதல் சில நாட்கள் அவர்களுடைய ஆக்சிஜன் நிலை மற்றவர்களைவிட மோசமாகவே இருந்தது. ஆனால் சாவு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது. பலவீனமான நுரையீரலை அதிகமாக ஊதிப் பெருக்காமல் விட்டதுதான் காரணம். எண்ணை அழகாக்கியது காப்பாற்றவில்லை. எண்ணைக் கெடுத்தது காப்பாற்றியது.

அதற்காக அந்த வாயு வீண் என்றில்லை. நுரையீரல் ரத்தக்குழாய் இறுகிப் பிறக்கும் குழந்தைகளுக்கு அது நிஜமாகவே பலன் தந்தது. 1999-இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. அங்கே குழாய் இறுகியதே நோய். பெரியவர்களுக்கு, வேறெதுவும் பலிக்காதபோது, கொஞ்சம் அவகாசம் கிடைக்கட்டும் என்று ஐசியூவில் இன்றும் கொடுப்பதுண்டு.