பூங்கா நகரில் பூங்கா எங்கே?



சென்னை மாநகரின் நடுவே பூங்கா நகர் என்று ஒரு பகுதி உண்டு. சென்ட்ரல் நிலையத்தை விட்டு வெளியே வருவோர் அங்கே காண்பன யாவை? வெண்ணிறமான ரிப்பன் மாளிகையைக் காணலாம். செங்கல் நிறம் கொண்ட விக்டோரியா மண்டபத்தைக் காணலாம். புறநகர் இரயில் நிலையத்தையும், தரைக்கடியில் செல்லும் மெட்ரோ நிலையத்தின் வாயில்களையும் காணலாம். ஆனால், பெயரிலே நிற்கும் பூங்காவைத் தேடித்தான் காண வேண்டும். மனிதர் மறந்தாலும் ஊர்ப்பெயர் மறப்பதில்லை. அப்பெயர் மறவாது காத்த வரலாற்றையே இன்று யான் உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

1859ஆம் ஆண்டில் சென்னையின் ஆளுநராக வந்தவர் சர் சார்லஸ் டிரெவெல்யன் என்பார். கோட்டைக்கு வடக்கே இருந்த பழைய நகரத்தில் மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். காற்றும் நிழலும் அவர்களுக்கு அரியனவாயின. அவர்களுக்காக 116 ஏக்கர் பரப்பில் ஒரு பெரும்பூங்கா அமைக்கும் திட்டத்தை அவர் தொடங்கினார். ‘பீப்பிள்ஸ் பார்க்’, அதாவது மக்கள் பூங்கா, என்று அது பெயர் பெற்றது. அதில் குளங்கள் இருந்தன, பாதைகள் இருந்தன, இசை மேடை இருந்தது. அருங்காட்சியகத்தில் எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர் தொடங்கிய விலங்குக் காட்சியும் பின்னர் அங்கே குடிபுகுந்தது. நகர மக்கள் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், விலங்குக் காட்சியை ‘உயிர்க் காலேஜ்’ என்றும் வழங்கினர். படிப்பறியாத ஏழை மக்களுக்கும் அவை கல்லூரிகளாயின என்பதை அப்பெயர்களே அறிவிக்கின்றன அல்லவா?

1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது சென்னையின் மக்கள் தொகை ஏறத்தாழ 4 லட்சம். 1873இல் சென்ட்ரல் நிலையம் பூங்காவின் பக்கத்திலேயே எழுந்தது. அன்று முதல் நகரின் போக்குவரத்து அவ்விடத்தை நோக்கித் திரும்பியது. போக்குவரத்து கூடும் இடத்தில் நிலத்துக்கு மதிப்பு மிகும். மதிப்பு மிக்க நிலத்தில் வெறும் புல்லும் மரமும் நிற்பது சிலர் கண்ணுக்கு வீணாகத் தோன்றும். மக்கள் பூங்காவின் கதையும் இவ்வாறே நடந்தது.

1880களில் பூங்காவின் ஒரு பகுதியில் விக்டோரியா மண்டபம் எழுந்தது. அடுத்து வந்தது சந்தை. பிராட்வேயில் இருந்த பாபம் சந்தை நெருக்கமும் அழுக்கும் நிறைந்திருந்தமையால், அதற்கு மாற்றாக நல்லதொரு சந்தை வேண்டும் என்று மாநகராட்சி கருதியது. 1898இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1900இல் திறக்கப்பெற்ற அச்சந்தை, மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் பெயரால் மூர் மார்க்கெட் எனப்பட்டது. பின்னர் 1913இல் மாநகராட்சியின் அலுவலகமாகிய ரிப்பன் மாளிகை திறக்கப்பெற்றது. 1688இல் தோன்றிய தொன்மையான மாநகராட்சிக்குத் தகுந்த இருக்கை வாய்த்தது. உள்ளாட்சி உரிமைக்கு வழி வகுத்த ரிப்பன் பிரபுவின் பெயரை அதற்குச் சூட்டியதும் பொருத்தமே. ஆயினும், ஒவ்வொரு கட்டிடம் எழும்போதும் பூங்கா சிறிது சுருங்கியது.

மூர் மார்க்கெட்டை யான் நன்கு அறிவேன். என் இளமையில், புதிய நூல் வாங்கப் பொருள் இல்லாத மாணவர்க்கெல்லாம் அதுவே நூலகமாக இருந்தது. அங்கே இருந்த பழைய புத்தகக் கடைகளில் அகராதியும் கிடைக்கும். அரிய வரலாற்று நூலும் கிடைக்கும். இசைத்தட்டு, பழைய நாணயம், பறவை, வண்ணமீன் என்று அங்கே கிடைக்காத பொருள் இல்லை எனலாம். 1985ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்தச் சந்தை தீக்கிரையாயிற்று. பல தலைமுறையாகத் தொழில் செய்தோர் ஓரிரவில் கடையிழந்தனர். பின்னர் அவர்களுக்கு அல்லிக்குளம் வணிக வளாகத்தில் இடம் தரப்பட்டது. அவ்வளாகம் நிற்கும் இடமும் ஒரு காலத்தில் பூங்காவின் குளமே. அதே 1985இல் விலங்குக் காட்சியும் வண்டலூருக்குச் சென்றது.

சந்தை இருந்த நிலத்தில் புறநகர் இரயில்களுக்கான நிலையமும் பலமாடிக் கட்டிடமும் எழுந்தன. மூர் மார்க்கெட் வளாகம் என்ற பெயரும், முன்புறத்தில் பழைய சந்தையின் சிறு உருவ மாதிரியும் மட்டுமே எஞ்சின. 2018இல் மெட்ரோ இரயில் பூமிக்கடியில் அவ்விடத்தை அடைந்தது. 2019இல் மற்றொரு வழித்தடமும் அங்கே வந்து கூடியது.

இவற்றைத் தீமை என்று தள்ளிவிட முடியுமா? முடியாது. 1981இல் நகரின் மக்கள் தொகை 32 லட்சத்தைக் கடந்துவிட்டது. அரக்கோணத்திலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் நாள்தோறும் வேலைக்கு வரும் உழைப்பாளிக்கு இரயில் நிலையம் ஆடம்பரம் அன்று. அது அவன் பிழைப்புக்கு வழி. தெருவிளக்கு அமைக்கும் மாநகராட்சிக்கு அலுவலகம் வேண்டும் என்பதும் வெளிப்படை.

ஈண்டு நாம் ஆழ்ந்து எண்ண வேண்டியது ஒன்று உண்டு. பொதுநிலத்தைத் தனியார் ஒருவர் கவர்ந்தால் அதனை அநீதி என்று உடனே அறிந்துகொள்கிறோம். ஒரு பொதுநன்மையை மற்றொரு பொதுநன்மை விழுங்கும்போது நாம் அதை உணர்வதில்லை. ஏனெனில், வருகின்ற நன்மை பெருங்கட்டிடமாய்க் கண்முன் நிற்கிறது. போகின்ற நன்மையோ நிழலாகவும் காற்றாகவும் மழைநீரை ஏற்ற குளமாகவும் இருந்தபடியால் ஓசையின்றி மறைகிறது. வந்த நன்மையைப் பலர் பங்கிட்டுக் கொள்கின்றனர். இழப்பைச் சுமப்போர் சில கடைக்காரர்களே. ஒரு பூங்காவை ஒரே நாளில் எவரும் அழிக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தக்க காரணம் கூறியே ஒரு துண்டை எடுத்துக்கொண்டது.

நாளை உங்களுள் சிலர் பொறியாளராவீர். சிலர் ஆட்சிப் பொறுப்பேற்பீர். நகரத்தின் நடுவே ஒரு நிலத்தின் வரைபடம் உங்கள் மேசைமீது விரிக்கப்படும். அதில் எழப்போவது யாது என்று கேட்பதோடு நில்லாதீர்கள். அங்கே முன்பு இருந்தது யாது, அதனால் பயன் பெற்றவர் யார், அவர்கள் இனி எங்கே செல்வர் என்றும் கேளுங்கள். விடை கிடைத்த பின்னர்க் கையெழுத்திடுங்கள்.